ஒற்றை ட்ரோஜன்

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாய் மேடைகளில் ஓர் இளைஞர் கிடாரோடு தனியாக ஏறுவார். விளம்பரத்தில் அவர் பெயர் 'தி லோன் ட்ரோஜன்'. அதற்கு முன்பு 'ட்ரோஜன்ஸ்' என்று ஒரு குழு இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போய்விட்டார்கள். கூட்டாளிகள் பிரிந்த கடையை ஒருவர் மட்டும் பழைய போர்டோடு நடத்துவதுபோல, எஞ்சி நின்றவர் குழுவின் பெயரை விடாமல், முன்னால் ஒரு 'லோன்' சேர்த்துக்கொண்டு பிழைப்பைத் தொடர்ந்தார்.

அவர் பிட்டு அப்பையா. பெங்களூரில் வளர்ந்த குடகுப் பிள்ளை. சில ஆண்டுகள் கழித்து உலகம் முழுக்க ஆடிய ஒரு பாட்டைத் தயாரித்தவர், எண்பதில் இந்தியத் தெருக்களில் டிஸ்கோவைக் கொண்டுவந்து இறக்கியவர் என்றெல்லாம் அவரைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். அவருக்குப் பின்னால் கலைந்துபோன குழுவும், அதைப் போல மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய், ஷில்லாங் என்று ஊருக்கு ஊர் முளைத்து ஐந்தாறு வருடத்தில் காணாமல் போன கிடார் குழுக்களும்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். அவை ஏன் எழுந்தன என்பது ஓரளவு தெரிந்த கதை. ஏன் அவ்வளவு சீக்கிரம் கலைந்தன என்பதை யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

சிற்றலை வழியே வந்த நோய்

1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஒடுங்கியது. நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போனார்கள். தமிழ், இந்திப் பாட்டுக்காகச் சிலோன் வைத்த வீடுகளில், அதே நிலையத்தின் ஆங்கில ஒலிபரப்பு இரவில் பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்விஸ், கிளிஃப் ரிச்சர்ட், பிறகு பீட்டில்ஸ். சிற்றலை அலையடித்து அலையடித்து வரும். பாதி வரி காதில் விழாது. விழாத வரியைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டு, அதையே மேடையிலும் பாடினார்கள்.

கேட்பது சுலபமாக இருந்தது. வாசிப்பதுதான் கஷ்டம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டு நாட்கள் அவை. இறக்குமதி உரிமம் இல்லாமல் ஒரு மின்சார கிடார் உள்ளே வராது. வந்தாலும் கல்லூரி மாணவனின் அப்பா சம்பளத்துக்குக் கட்டாது. ஆகவே தச்சரிடம் போனார்கள். இசைத்தட்டின் அட்டைப் படத்தைக் காட்டி, 'இந்த மாதிரி' என்று மரத்தை அறுக்கச் சொன்னார்கள். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் செப்புக் கம்பியைச் சுற்றிக் காந்தத்தோடு ஒரு பிக்கப் செய்து கொடுத்தார். வால்வு ரேடியோவின் வயிற்றைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் ஆக்கினார்கள். சினிமா ஒலிபெருக்கி வாடகைக்கு. கம்பி அறுந்துவிட்டால் அடுத்த கம்பி கிடைக்கும்வரை ஐந்து கம்பியோடு வாசிக்க வேண்டியதுதான். மழை நாளில் மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

இன்னொரு பக்கம் பார்த்தால் சிரிப்பு வரும். 1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் பீட்டில்ஸ் டெல்லியில் இறங்கி, கன்னாட் பிளேஸ் ரிக்கி ராம் கடையில் சிதார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பெங்களூர்ப் பையன் தச்சரிடம் கிடாருக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தான்.

குடிக்கிற ஊரும் குடிக்காத ஊரும்

ட்ரோஜன்ஸ் பாடியது பெரும்பாலும் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், ட்ரினி லோபஸ். பெங்களூர்க் கன்டோன்மென்ட் பகுதிக்கு ஆங்கிலப் பாட்டு புதிதல்ல. பட்டாளத்து பேண்டும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து நடன மாலைகளும் அங்கே பழகிய சங்கதி. இந்தப் பிள்ளைகள் அதில் மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். உள்ளூர் கிளப்புகளில் பெயர் வந்ததும் அவர்கள் கண் போனது கல்கத்தாவை நோக்கி.

ஏன் கல்கத்தா? அருகில் மெட்ராஸ் இருக்கிறதே? இதற்கு விடை சங்கீதத்தில் இல்லை, கலால் துறையில் இருக்கிறது. மெட்ராஸ் மாகாணம் முழுவதும் 1948 முதல் மதுவிலக்கு. பம்பாயிலும் மதுவிலக்கு, பர்மிட் வைத்திருந்தால்தான் கோப்பை. கல்கத்தாவில் அந்தத் தடை கிடையாது. இரவில் உட்கார்ந்து குடித்துச் சாப்பிட்டுப் பாட்டுக் கேட்பதற்கென்றே அங்கே ஒரு தெரு இருந்தது. பார்க் ஸ்ட்ரீட். மொகாம்போ, ப்ளூ ஃபாக்ஸ், மூலன் ரூஜ், ட்ரிங்காஸ் என்று வரிசையாக உணவகங்கள். ஒவ்வொன்றிலும் மேடை, ஒவ்வொரு மேடையிலும் மாதச் சம்பளத்துக்கு ஒரு குழு. பாடகனுக்கு இரவுச் சாப்பாடும் உண்டு. ஸ்விஸ்காரர் ஒருவரின் டீக்கடையாகத் தொடங்கி, 1959இல் ஓம் பிரகாஷ் பூரி, எல்லிஸ் ஜோஷுவா என்ற இருவர் கைக்கு மாறிய ட்ரிங்காஸில்தான் ட்ரோஜன்ஸ் கல்கத்தாவின் செல்லப் பிள்ளைகளானார்கள்.

இந்தியாவில் ஒரு ராக் குழு முழு நேரத் தொழிலாகச் சம்பாதிக்க அன்று இருந்த வழிகள் சொற்பம். ஒன்று, இந்த மாதிரி உணவக மேடை. மற்றொன்று கல்லூரி விழா. இரண்டிலும் முதலாளியோ மாணவனோ கேட்பது ஒரே விஷயம்: 'ரேடியோவில் வந்த அந்தப் பாட்டைப் பாடு.' சொந்தமாக எழுதியதைப் பாடினால் மேசைகளில் பேச்சுச் சத்தம் கூடும். தட்டுகளின் ஓசை கேட்கும். இரண்டு முறை அப்படி நடந்தால் யாருக்கும் மூன்றாவது முறை தைரியம் வராது.

மெட்ராஸிலும் முயற்சி நடக்காமல் இல்லை. மவுண்ட் ரோடில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஓர் இரவு விடுதி. கோப்பை கிடையாது, பாட்டு மட்டும். பம்பாயில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் 1969இல் அங்கே பட்டுப் புடவையும் பெரிய பொட்டும் கொண்டையுமாக மேடையேறி, அடிக்குரலில் ஆங்கிலப் பாட்டைப் பாடினார். இரவு விடுதிப் பாடகி என்றால் இறுக்கமான கவுன் போட்டிருப்பார் என்று நினைத்து வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். உஷா ஐயர், பிற்பாடு உஷா உதுப். அவரும் கொஞ்ச நாளில் பம்பாய் 'டாக் ஆஃப் தி டவுன்' வழியாகப் பார்க் ஸ்ட்ரீட் ட்ரிங்காஸுக்கே போய்ச் சேர்ந்தார். கல்கத்தாவே அவர் ஊராகிவிட்டது. 1990இல் 'அஞ்சலி'யில் இளையராஜா அவரைப் பாட வைத்தபோது, புதிதாக ஒரு வடக்கத்திப் பாடகி வந்திருக்கிறார் என்று நினைத்த தமிழர்கள் உண்டு.

சினிமா குடித்த கடல்

தமிழ்நாட்டில் ஏன் ஒரு ட்ரோஜன்ஸ் பெரிதாக எழவில்லை என்பதற்கு மதுவிலக்கு மட்டும் காரணமில்லை. அந்த இடத்தை சினிமா ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. 1964இல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது ட்விஸ்டும் பாங்கோவும் எலெக்ட்ரிக் கிடாரும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி வழியாகத் திருநெல்வேலி டூரிங் டாக்கீஸ்வரை போய்விட்டன. அதற்குமேல் ஒருவன் தச்சரிடம் கிடார் செய்து வாங்கி எதைப் பாடுவது? அந்த வருடங்களில் தமிழன் உண்மையில் வருத்தப்பட்ட இசைப் பிரிவினையும் ஆங்கிலக் குழு எதனுடையதும் அல்ல. 1965இல், 'ஆயிரத்தில் ஒருவ'னோடு, விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்ததுதான். அதற்குப் பிறகு அவர்கள் பெயர்கள் சேர்ந்து திரையில் வர முப்பது வருடம் ஆயிற்று.

இந்தி சினிமா இன்னும் ஒரு படி மேலே போனது. 1965இல் வந்த 'கும்நாம்' படத்தின் தொடக்க நடனத்தை இன்றும் லட்சக்கணக்கானோர் தேடிப் பார்க்கிறார்கள். முகமூடி மாட்டிய நடனக்காரர்கள், மேடையில் உதறி உதறி வாசிக்கும் ஒரு குழு. அந்தக் குழு நிஜமான குழு. 'டெட் லயன்ஸ் அண்ட் ஹிஸ் கப்ஸ்' என்று பம்பாயில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். ஆனால் பாட்டு சங்கர் - ஜெய்கிஷனுடையது, குரல் முகமது ரஃபியுடையது. நிஜக் குழு தான் வாசிப்பதுபோல நடித்துக் காட்டியது. 2001இல் 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற ஹாலிவுட் படம் அதே காட்சியைத் தன் தொடக்கத்தில் வைத்துக்கொண்டபோது அந்தக் குழு உலகப் புகழ் அடைந்தது. தன் சொந்த வாசிப்பில் ஒரு நொடிகூடக் கேட்கப்படாமல் உலகப் புகழ்.

கர்நாடக சங்கீத மண்டபத்தில் ராக்

அறுபதுகளின் கடைசியில் காற்று கொஞ்சம் இவர்கள் பக்கம் அடித்தது. 1967இல் கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் நிறுவனம் 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' என்று இளைஞர்களுக்கு ஒரு வார இதழ் தொடங்கியது. டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியர். நீள முடிக்காரர்களின் படம் அட்டையில் வரக்கூடிய முதல் கௌரவமான பத்திரிகை. அப்பாக்கள் ஸ்டேட்ஸ்மன் வாங்கும் வீட்டில் பிள்ளை இதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்து சிகரெட் கம்பெனி வந்தது. இம்பீரியல் டொபாக்கோவின் 'சிம்லா' சிகரெட்டை இளைஞர்களிடம் விற்க 'சிம்லா பீட்' போட்டி. நாடெங்கும் சுற்றுகள், இறுதிச் சுற்று பம்பாய் ஷண்முகானந்தா மண்டபத்தில். தமிழர்கள் சேர்ந்து சபா ஆரம்பித்து, எம்.எஸ்.ஸுக்கும் செம்மங்குடிக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய மண்டபம் அது. அங்கே ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், பெங்களூரின் டைனசார்ஸ், மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸ் எல்லாரும் ஒரே ஆம்ப்ளிஃபயர் அலறலில் மோதிக்கொண்டார்கள். 1970, 1971 இரண்டு வருடமும் தேறிய குழுக்களின் பாட்டை நீண்ட இசைத்தட்டாக வெளியிட்டார்கள். சொந்தப் பாட்டு இசைத்தட்டில் ஏற இந்தக் குழுக்களில் பலவற்றுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான். வாய்ப்பைக் கொடுத்தது இசைத்தட்டுக் கம்பெனி இல்லை, சிகரெட் கம்பெனி என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பர பட்ஜெட் வேறு பக்கம் திரும்பியதும் அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

எழுபதுகள் பிறந்த கையோடு ஒரு பெரிய கூட்டமும் கூடியது. புனேக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் பிம்ப்ரி ஸ்டேஷனில் லோனாவளா லோக்கல் ஏறினால் சிஞ்ச்வட், ஆகுர்டி, தேகு ரோடு, தளேகாவ், காம்ஷேத் எல்லாம் தாண்டி லோனாவளாவுக்கு முந்தின நிறுத்தம் மளவ்லி. இரண்டு பக்கமும் குன்று. ஒரு பக்கம் கார்லா குகை, மறுபக்கம் பாஜா குகை. ஞாயிற்றுக்கிழமையில் கோட்டை ஏறப் போகும் பிள்ளைகள் இறங்குகிற இடம். அங்கேதான் 'ஸ்நேக யாத்ரா' என்ற ராக் திருவிழா நடந்தது. வுட்ஸ்டாக் படத்தைப் பார்த்தவர்களுக்கு நம் ஊரிலும் ஒன்று வேண்டும் என்று தோன்றியதன் விளைவு. பத்திரிகைகள் 'இந்திய வுட்ஸ்டாக்' என்று எழுதின.

அந்த லோக்கல் ரயிலின் பாதையிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிம்ப்ரியின் இன்றைய முகம் அந்த வருடங்களில்தான் உருவானது. 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ். பின்னாலேயே டெல்கோ, ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ. தெற்கிலிருந்து டிப்ளமோவும் பி.இ.யும் முடித்த பிள்ளைகள் ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய ஊர். ஷிஃப்ட், குவார்ட்டர்ஸ், பி.எஃப்., ஓய்வூதியம். ஒரு குழுவின் டிரம்மர் குச்சியைக் கீழே வைக்கக் காரணம் தேடினால், கூடப் பாடுபவரோடு சண்டை என்று கிசுகிசு எழுதுவதைவிட, பிம்ப்ரி மாதிரி ஓர் ஊரிலிருந்து போன நியமன உத்தரவைத் தேடுவது நல்லது. மாதம் முதல் தேதி சம்பளம் தரும் ஊருக்கும் விடிய விடிய பாட்டுக் கேட்ட ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ரயில் பயணம்தான்.

பாட்டு யாருடையது

படிப்பு, வேலை, கல்யாணம், விசா. குழுக்கள் கலைய இவை எல்லாம் காரணம், மறுக்கவில்லை. ஆனால் இதே காரணங்கள் லிவர்பூலிலும் இருந்தன. அங்கேயும் அப்பாக்கள் திட்டினார்கள். அங்கே ஒரு குழு நாலு வருடம் தாக்குப்பிடித்தால் கையில் பத்துச் சொந்தப் பாட்டு இருக்கும். பாட்டுக்கு ராயல்டி வரும். சண்டை போட்டாலும் அந்தப் பத்துப் பாட்டுக்காக ஒட்டிக்கொண்டிருப்பார்கள். நம் குழுக்களில் பெரும்பாலானவற்றிடம் அப்படி எதுவும் இல்லை. மெட்டு இரவல், வார்த்தை இரவல். ட்ரோஜன்ஸ் கலைந்தால் அவர்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டை அடுத்த மேசைக்கு அடுத்த குழு பாடும். நஷ்டம் யாருக்கும் இல்லை. கலைவதற்குத் தடை எதுவும் இல்லாததால் கலைந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இதை வெறும் ஊகம் என்று யாராவது சொன்னால், பாக் நீரிணையைத் தாண்டிப் பார்க்கச் சொல்வேன். அதே அறுபதுகளின் நடுவில், இரத்தினபுரியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் ஆன்ஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' என்று ஒரு குழு கட்டினார்கள். மாணிக்கக் கல் தோண்டும் ஊரில் பிறந்த குழுவுக்கு ஒரு கல்லின் பெயர் பொருத்தம்தான். கிளாரன்ஸ் கையிலும் எலெக்ட்ரிக் கிடார்தான் இருந்தது. அவர் அதில் சிங்களத்தில் பாட்டு எழுதினார். கறுத்த மாமி, ஊர்ப் பெரியவர், காதலி என்று தெருவில் பார்க்கிற ஆட்களைப் பற்றி. ரேடியோ சிலோனில் விஜயா கொரயா அந்தக் குழுவைத் தூக்கி நிறுத்தினார். நம் பிள்ளைகள் எந்த நிலையத்தில் லண்டன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ, அதே நிலையம்.

மூன்ஸ்டோன்ஸும் உடைந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் கிளாரன்ஸ் பிரிந்துபோய் 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆரம்பித்தார். ஆன்ஸ்லி பழைய குழுவைக் கொஞ்ச காலம் நடத்திவிட்டு, கடைசியில் கிளாரன்ஸின் புதுக் குழுவிலேயே போய்ச் சேர்ந்துகொண்டார். கோபித்துப் பிரிந்த அண்ணன் தம்பி மறுபடி ஒரே அடுப்புக்கு வந்த கதை. அதுவும் எழுபதுகளின் இறுதியில் கலைந்தது. கிளாரன்ஸ் 1996 டிசம்பரில் காலமானார். குழுக்கள் போயின, பாட்டு போகவில்லை. கொழும்பில் எந்தக் கல்யாண வரவேற்பில் பேண்டை ஏற்பாடு செய்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கிளாரன்ஸின் பாட்டு ஒன்று வந்தே தீரும்.

யாழ்ப்பாணத்துக்காரர் நித்தி கனகரத்தினம் அதே காலத்தில் அதையே தமிழில் செய்தார். கிடாரைத் தட்டிக்கொண்டு ஊர்த் தமிழில் கேலியும் கிண்டலுமாக அவர் பாடிய 'சின்ன மாமியே' ஈழத்துப் பொப்பிசையின் அடையாளப் பாட்டாகிவிட்டது. பின்னால் வந்த ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யோடு சென்னைக்கே வந்து, சிலோன் மனோகர் என்று பெயர் வாங்கி, தமிழ்ப் படங்களில் வில்லனாகவும் அடி வாங்கினார். இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் தமிழர் திருமண மண்டபங்களில் அந்தப் பாட்டுகள் ஓடுகின்றன. ஷண்முகானந்தாவில் ஜெயித்த குழுக்களின் பாட்டு எந்தக் கல்யாணத்தில் ஓடுகிறது?

நம் பக்கத்திலேயே ஒரு குழு இருந்தது. யாரும் அதைக் குழு என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. பாவலர் வரதராசனும் தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமரும். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்காக ஆர்மோனியமும் தபேலாவும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன பாவலர் பிரதர்ஸ். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலரின் பாட்டுக்குக் கூடிய கூட்டம் அக்கட்சிக்காரர்கள் இன்றும் சொல்லும் கதை. அவர்களும் இரவல் மெட்டில்தான் பாடினார்கள். சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு தங்கள் வார்த்தையைப் போட்டார்கள். ட்ரோஜன்ஸ் இரண்டையும் இரவல் வாங்கியது; பாவலர் மெட்டை மட்டும் வாங்கினார். அந்த ஒரு வித்தியாசம் போதுமானதாக இருந்தது. தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள், பாவலர் 1973இல் இறந்தார், குழு இல்லாமல் போனது. தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையையும் கிடாரையும் கற்ற தம்பி ராஜா 1976இல் இளையராஜாவாக 'அன்னக்கிளி' போட்டார். ஆங்கிலக் குழுக்கள் கனவு கண்ட கிடாரும் பேஸும் டிரம்ஸும் தேனிப் பக்கத்துத் தெம்மாங்கோடு கைகோத்துத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடைக்கும் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

கடைசிப் பத்து நிமிடம்

இப்போது ஒற்றை ட்ரோஜனுக்கு வருவோம். 1967இல் பிட்டு லண்டனுக்குக் கிளம்பினார். மேற்கு ஆசியா வழியாகக் கிடைத்த வண்டியில் ஏறி, கிடைத்த இடத்தில் தங்கி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தார். பீட்டில்ஸ் நாட்டில் அவரை யாருக்கும் தெரியாது. கிடைத்த வேலையைப் பார்த்து, சேர்ந்த காசில் ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பழகினார். பாடகராக நிற்கும் ஆசையைக் குறைத்துக்கொண்டு தயாரிப்பாளர் ஆனார்.

1974. ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ் பாட, ஒரு சிங்கிள் இசைத்தட்டு. முன்பக்கத்துக்குப் போட்டது ஒரு காதல் பாட்டு. வாடகை நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. பின்பக்கத்துக்கு ஏதாவது வேண்டுமே? டக்ளஸ் தான் எழுதி வைத்திருந்த வரிகளைக் காட்டினார். புரூஸ் லீ படங்கள் ஓடிக்கொண்டிருந்த சமயம். குங்ஃபூ பற்றி விளையாட்டாக ஒரு பாட்டு. பிட்டு மெட்டுப் போட்டார். மிச்சமிருந்தது பத்து நிமிடம். 'ஹூ', 'ஹா' என்று வாயாலேயே அடிதடிச் சத்தம் போட்டு, இரண்டே டேக்கில் முடித்தார்கள். பின்பக்கத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. பை ரெக்கார்ட்ஸ் கம்பெனியில் கேட்டவர் இதைத்தான் முன்பக்கம் போடவேண்டும் என்று அடம்பிடித்தார். 'குங்ஃபூ ஃபைட்டிங்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் போனது. விற்பனை ஒரு கோடியைத் தாண்டியது.

இரண்டு வருடம் கழித்து டினா சார்ல்ஸ் பாடிய பிட்டுவின் தயாரிப்பு இன்னொன்றும் பிரிட்டனில் முதலிடம். ஐரோப்பா அவரை டிஸ்கோ ஆள் என்று தெரிந்துகொண்டது. இந்தியாவுக்கு அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது. வானொலியில் குங்ஃபூ பாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அதைச் செய்தவர் பெங்களூர்க்காரர் என்று அறிந்திருப்பார்கள்?

தெரிய வைத்தது 1980. 'குர்பானி' படத்துக்காக ஃபிரோஸ் கான் அவரிடம் ஒரு பாட்டுக் கேட்டார். லண்டனில் படித்துக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பாகிஸ்தானியப் பெண் நாஸியா ஹசன் பாடினார். திரையில் ஜீனத் அமன் ஆடினார். 'ஆப் ஜைசா கோயி' கேட்காத ஊர் இந்தியாவில் இல்லை. இந்தி தெரியாத நம் ஊர்த் திருவிழாக்களிலும் குழாய் ஒலிபெருக்கியில் அது அலறியது. அடுத்த வருடம் 'டிஸ்கோ தீவானே'. 1995இல் அலிஷா சினாய் பாடிய 'மேட் இன் இந்தியா'. ட்ரோஜன்ஸ் காலத்தில் ஆங்கிலத்தில் பாடி ஓர் உணவகத்தின் மேசைகளைத்தான் அவரால் பிடிக்க முடிந்தது. இந்தி வார்த்தைகளோடு வந்தபோது நாடு முழுவதும் வசப்பட்டது. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ட்ரோஜன்ஸில் கூட வாசித்த கென் ஞானகன் வேறு திசையில் போனார். இறையியல் படித்து, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று, பெங்களூரில் ஆக்ட்ஸ் என்ற கல்வி நிறுவனத்தை நிறுவி, சுற்றுச்சூழலும் இறையியலும் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 2021இல் காலமானார். ஒரே மேடையில் ஸ்டோன்ஸ் பாட்டு வாசித்த இரண்டு பேரில் ஒருவர் டிஸ்கோவுக்கும் மற்றவர் வேதாகமத்துக்கும் போனது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இருவருமே கடைசியில் தங்களுக்கென்று சொல்ல ஒன்றைத் தேடிப் போனவர்கள்.

பம்பாயின் 'சாவேஜஸ்' குழுவும் இப்படித்தான் சிதறியது. ஜே.ஜே. கல்லூரியில் கட்டிடக்கலை படிக்க வந்து அதில் வாசித்த ரெமோ பெர்னாண்டஸ் கோவா திரும்பி, தன் ஊரைப் பற்றித் தன் பாட்டை எழுதினார். 'பம்பாய்' படத்தின் இந்திப் பதிப்பில் ரஹ்மான் அவரைப் பாட வைத்தார். மராத்தி நாடக உலகின் ஆத்மாராம் பேண்டே - ஆஷா தம்பதியின் மகன் நந்து பேண்டே, 1974இல் அலீக் பதம்சி மேடையேற்றிய 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டா'ரில் யூதாஸாகப் பாடினார். பெயர் சொல்லக்கூடிய இவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் வங்கி மேலாளர்களாகவும் தேயிலைத் தோட்ட அதிகாரிகளாகவும் ஆஸ்திரேலியக் குடிமக்களாகவும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

பார்க் ஸ்ட்ரீட்டின் நல்ல காலமும் நீடிக்கவில்லை. நக்சல்பாரி ஆண்டுகளின் பயம், மின்வெட்டு, கேளிக்கை வரி எல்லாம் சேர்ந்து எழுபதுகளில் மேடைகளை ஒவ்வொன்றாக மூடின. 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' 1977இல் நின்றது. வேடிக்கை என்னவென்றால், மெட்ராஸில் 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது வந்து பாட எந்தக் குழுவும் தெம்பாக இல்லை. 1974இல் கதவு திரும்பவும் மூடிக்கொண்டது.

சிம்லா பீட் இசைத்தட்டுகள் மட்டும் பிழைத்தன. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைந்ததில் விலை ஏறி, பிறகு அங்கேயே மறுபதிப்பும் கண்டன. மெட்ராஸ் கன்ஃப்யூஷன்ஸை நாம் இன்று கேட்க முடிகிறது என்றால் அந்த சிகரெட் விளம்பரத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு என்ற ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் பிரசித்தமான கணக்கு ஒன்று உண்டு. பீட்டில்ஸின் பழைய டிரம்மர் பீட் பெஸ்ட் 1941இல் மெட்ராஸில் பிறந்தவர். 1962 ஆகஸ்டில், குழு புகழடையும் தறுவாயில், அவரை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டார்கள். பெஸ்ட் லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து இருபது வருடம் ஃபைல் பார்த்தார். 1995இல் 'ஆன்தாலஜி' என்று பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அவர் டிரம்ஸ் வாசித்த சில பாட்டுகளும் அதில் இருந்தன. முப்பத்து மூன்று வருடம் கழித்து அந்த மெட்ராஸ் பிறவிக்குப் பெருந்தொகை ராயல்டி வந்தது. டேப் பத்திரமாக இருந்தது, அதனால் வந்தது.